வாய் வெந்தால் எல்லாம் வாய்ப்புண்ணா?

‘பல் டாக்டரிடம் கேளுங்கள்’ பகுதிக்கு வந்த கேள்விகளில் இந்த முறை சேலம், ஏற்காடு பக்கத்திலிருந்து வந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். காரணம், எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே விஷயத்தைத்தான் ஆளுக்கொரு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். சுகர், கீமோ, கிட்னி மாற்று சிகிச்சை, நாள்பட்ட ஸ்டீராய்டு என்று ஏதோ ஒரு காரணத்தால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு வாயில் என்னவோ வந்திருக்கிறது, அது என்னவென்று தெரியாமலே ஆளாளுக்கு ஒரு மருந்து கொடுத்திருக்கிறார்கள், போகவில்லை. பெயர்களைப் போடவில்லை, ஊர் மட்டும்.

ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகி: அம்மாவுக்கு 63 வயது. முடக்குவாதத்துக்கு ஸ்டீராய்டும் மெத்தோட்ரெக்சேட்டும் சாப்பிடுகிறார். கொஞ்ச நாளாக நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கமும் வெள்ளையாகப் படிந்திருக்கிறது, காரம் பட்டால் துடித்துப் போகிறார். மருந்துக் கடையில் முதலில் பி காம்ப்ளக்ஸ் கொடுத்தார்கள், அப்புறம் ஒரு ஜெல். பக்கத்து வீட்டு அக்கா இது பூஞ்சைதான் என்கிறார். வெள்ளையாக இருந்தால் பூஞ்சையா டாக்டர்?

அக்கா சொன்னது சரியாக இருக்க வாய்ப்பு நிறைய இருக்கிறது. ஆனால் வெள்ளையாக இருப்பதெல்லாம் பூஞ்சை இல்லை, பூஞ்சை எல்லாம் வெள்ளையாக இருப்பதும் இல்லை. வெற்றிலை போடுகிறவர்களுக்குச் சுண்ணாம்பு பட்டு வெந்த இடம் வெள்ளையாகத்தான் இருக்கும். பல்வலிக்கு ஆஸ்பிரின் மாத்திரையை ஈறோரம் அடக்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது, அங்கேயும் தோல் வெளுத்து உரியும். லைக்கன் பிளானஸ் என்று ஒன்று உண்டு, கன்னத்தின் உள்ளே வலைப்பின்னலாக வெள்ளைக் கோடுகள் ஓடும். புகையிலை அடக்குகிறவர்களுக்கு வரும் வெள்ளைத் தடிப்பு வேறு விவகாரம், அதைப் புற்றுநோய்க்கு முந்தைய நிலையாக எடுத்துக்கொண்டு பரிசோதிக்க வேண்டும்.

எங்களைப் போன்றவர்கள் முதலில் செய்வது ரொம்பச் சாதாரணமான காரியம். விரலில் சின்ன காஸ் துணியைச் சுற்றி, அந்த வெள்ளையை லேசாகத் துடைத்துப் பார்ப்போம். கேண்டிடா என்கிற பூஞ்சை படிந்திருந்தால் தயிர் ஏடு மாதிரி வழித்துக்கொண்டு வரும், அடியில் சிவந்த சதை தெரியும், சில இடத்தில் பொட்டாக ரத்தம் கசியும். வரவே இல்லை என்றால் யோசனை வேறு பக்கம் போக வேண்டும். அதிலும் ஒரு சிக்கல்: கேண்டிடாவிலேயே துடைத்தால் வராத, தடித்துப்போன வகை ஒன்று இருக்கிறது, அதை உறுதி செய்யச் சின்னதாகச் சதை எடுத்துத்தான் ஆக வேண்டும். வெள்ளையே இல்லாமல் நாக்கு வெறுமனே சிவந்து, மேலே உள்ள மொட்டுகள் உதிர்ந்து வழவழவென்று எரிகிற வகையும் இருக்கிறது. அதைத்தான் வாய்ப்புண், ரத்தசோகை, வைட்டமின் குறைவு என்று சொல்லி மாதக்கணக்கில் சத்து மாத்திரையிலேயே ஓட்டிவிடுகிறார்கள்.

உங்கள் அம்மா போன்றவர்களுக்குத் துடைத்துப் பார்த்ததோடு நிறுத்தக் கூடாது. அந்த ஏட்டை ஒரு குச்சியால் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் தடவி, 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பூஞ்சை இழைகள் தெரியும். வலி கிடையாது, பெரிய செலவும் கிடையாது, பெரும்பாலும் அன்றைக்கே முடிவு சொல்லிவிடலாம். இதோடு கல்ச்சரும் போடலாம், அதாவது எடுத்த மாதிரியை லேபில் வளர்த்துப் பார்ப்பது, அதற்கு ஒன்றிரண்டு நாள் ஆகும். கல்ச்சரை மட்டும் தனியாக வைத்துக்கொண்டு முடிவு கட்டக் கூடாது, ஏனென்றால் எந்தத் தொந்தரவும் இல்லாத ஆரோக்கியமான ஆட்களிலேயே கணிசமான பேர் வாயில் கேண்டிடா சும்மா குடியிருக்கும். ‘கேண்டிடா வளர்ந்தது’ என்று ரிப்போர்ட்டில் இருப்பதாலேயே அது நோய் ஆகிவிடாது. கண்ணில் தெரிவது, மைக்ராஸ்கோப்பில் தெரிவது, நோயாளி சொல்வது மூன்றும் ஒத்துப்போக வேண்டும். கல்ச்சர் ரொம்ப உதவுவது, ஒரு தடவை மருந்து கொடுத்தும் சரியாகாதபோது. கேண்டிடாவில் பல இனங்கள் இருக்கின்றன, க்ரூசி என்பதற்கு ஃப்ளூகோனசோல் என்கிற பூஞ்சை மாத்திரை இயல்பாகவே வேலை செய்யாது, கிளாப்ரேட்டா பல நேரம் முரண்டு பிடிக்கும். எது என்று தெரியாமல் அதே மாத்திரையைத் திரும்பத் திரும்பக் கொடுப்பதில் பிரயோஜனம் இல்லை.

கடையில் கொடுத்த அந்த ஜெல்லின் டியூபை எடுத்து மூலப்பொருளைப் படியுங்கள். ட்ரையாம்சினலோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. சாதாரண வாய்ப்புண்ணுக்கு அது நல்ல மருந்துதான், பூஞ்சை மேலே தடவினால் பூஞ்சைக்குத்தான் கொண்டாட்டம்.

கடைசியாக ஒன்று, இதை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்: அம்மா மெத்தோட்ரெக்சேட்டை வாரத்துக்கு ஒரு நாள்தானே போடுகிறார்? முடக்குவாதத்துக்கு அது வாரம் ஒரு முறை போடும் மாத்திரை. சீட்டில் உள்ள கிறுக்கலைத் தப்பாகப் படித்தோ, வீட்டில் ஆள் மாறி எடுத்துக் கொடுத்தோ தினமும் போட்டுவிட்டால் முதலில் வெந்துபோவது வாய்தான். அதோடு ரத்த அணுக்களும் இறங்கிவிடும். அப்படி ஏதாவது நடந்திருக்குமோ என்று லேசாகச் சந்தேகம் வந்தாலும் இந்த இதழை மடித்து வைத்துவிட்டு இன்றைக்கே கீழே இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ரத்தப் பரிசோதனை உடனே தேவை. அப்படி இல்லையென்றாலும் சேலத்துக்கு ஒரு நடை வந்துவிடுவது நல்லது. 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வருவது வயதானவர்களுக்குச் சிரமம்தான், ஆனால் மேலேயே பஞ்சில் எடுத்து யாரிடமாவது கொடுத்து அனுப்பினால் வழியில் காய்ந்து போகும், காய்ந்த மாதிரியில் ஒன்றும் தெரியாது. வரும்போது மாத்திரைக் கவரை அப்படியே கொண்டு வாருங்கள், பெயரெல்லாம் மனப்பாடமாகச் சொல்ல வேண்டாம்.

சேலம் அம்மாபேட்டை வாசகி: என் வீட்டுக்காரருக்குக் கீமோ போட்டு 10 நாள் ஆகிறது. வாய் முழுக்க வெந்து கிடக்கிறது. ஒரு பக்கம் ஈறு வலிக்கிறது என்கிறார், ஆனால் வீக்கமும் இல்லை, சீழும் இல்லை. வீக்கம் இல்லாததால் இன்ஃபெக்‌ஷன் இருக்காது என்று தெரிந்த பல் டாக்டர் போனில் சொன்னார். நம்பலாமா?

போனில் சொன்னதை நம்பாதீர்கள். அவர் மேல் குறை இல்லை, சாதாரண ஆளுக்கு அது சரியான பதில்தான். சீழ் என்பது என்ன? கிருமியோடு சண்டை போட்டுச் செத்த வெள்ளை அணுக்கள். சண்டை போடவே வெள்ளை அணு இல்லாதபோது சீழ் எங்கிருந்து வரும்? கீமோ முடிந்து ஏழிலிருந்து பதினான்கு நாளுக்குள்தான் பெரும்பாலும் அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும், உங்கள் வீட்டுக்காரர் சரியாக அந்த நாட்களில் இருக்கிறார். அப்போது வலியும் காய்ச்சலும் மட்டுமே துப்பு. வீக்கம், சிவப்பு, சூடு எதையும் எதிர்பார்த்துக்கொண்டு இருக்க முடியாது.

அதனால் காய்ச்சல் பார்க்கும் கருவி கையிலேயே இருக்கட்டும். 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலே, ராத்திரி எத்தனை மணியானாலும் சரி, கீமோ போட்ட ஆஸ்பத்திரிக்கு போன் செய்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள். பாரசிட்டமால் போட்டுக் காய்ச்சலை இறக்கிவிட்டு விடியட்டும் என்று காத்திருப்பதுதான் நம் வீடுகளில் நடக்கிறது. நியூட்ரோஃபில் என்கிற வெள்ளை அணுக்கள் 500-க்குக் கீழே இருக்கும்போது காய்ச்சல் வந்தால் அது அவசர சிகிச்சை, பல்வலிக் கணக்கு இல்லை.

வாய் வெந்திருப்பது கீமோவாலேயே இருக்கலாம். போட்ட ஐந்திலிருந்து பத்து நாளுக்குள் கன்னத்தின் உள்பக்கம், உதட்டின் உள்பக்கம், நாக்கின் ஓரம், அடிநாக்கு என்று மெல்லிய தோல் உள்ள இடங்களில் வெந்து, அணுக்கள் ஏற ஏறத் தானாக ஆறும். ஆனால் மேல் அண்ணத்திலும் ஈறிலும், அதாவது கெட்டியான தோல் உள்ள இடத்தில் புண் இருந்தால் எங்களுக்கு ஹெர்ப்பஸ் வைரஸ் சந்தேகம் வரும். இவர்களுக்கு ஹெர்ப்பஸ் ஒழுங்காகக் கொப்புளம் கொப்புளமாக வராது, பெரிசாக, ஓரம் ஒழுங்கில்லாமல், எந்த இடத்திலும் வரும், வெந்த புண்ணோடு கலந்துகூட இருக்கும். கண்ணால் பிரிக்கவே முடியாது. புண்ணில் பஞ்சை உருட்டி எடுத்துப் பிசிஆர் பரிசோதனைக்கு அனுப்பினால்தான் தெரியும். அதற்கு மருந்து இருக்கிறது என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன், வெறும் கீமோ புண் என்று விட்டுவிட்டால் ஒரு நல்ல வாய்ப்பு போகும்.

ஈறு வலிக்கிற இடத்தைக் கீமோ டாக்டருக்குச் சொல்லாமல் பல் டாக்டரிடம் காட்டிச் சுத்தம் செய்யவோ பல்லை எடுக்கவோ வேண்டாம். அணுக்களும் பிளேட்லெட்டும் எவ்வளவு என்று பார்த்த பிறகுதான் கருவியை வாயில் வைக்க வேண்டும்.

ஓமலூர் வாசகர்: எனக்கு 52 வயது, சுகர் 300-க்கு மேலேயே நிற்கிறது. மேல் கடைவாய்ப் பல் ஆடியது என்று எடுத்தார்கள், அந்தக் குழி ஆறவில்லை. பக்கத்துப் பல்லும் இப்போது ஆடுகிறது. மூக்கு ஒரு பக்கம் அடைப்பு, கன்னம் மரத்த மாதிரி இருக்கிறது. சைனஸ் என்று மாத்திரை தந்திருக்கிறார்கள்.

இதழ் வெளிவரும் வரை இந்தக் கேள்வியை வைத்திருக்க முடியாது என்று அலுவலகத்திலிருந்து இவருக்கு அப்போதே போன் செய்து சொல்லிவிட்டோம். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

சுகர் கட்டுக்கடங்காத ஒருவருக்கு மேல் தாடையில் நல்ல பல் திடீரென்று ஆடுவது, பல் எடுத்த குழி ஆறாதது, ஒரு பக்கக் கன்னம் மரத்துப்போவது, அதே பக்கம் மூக்கடைப்பு இவை சேர்ந்து வந்தால் முதல் சந்தேகம் மியூக்கர்மைக்கோசிஸ். கொரோனா இரண்டாம் அலையின்போது கருப்புப் பூஞ்சை என்று எல்லோரும் பயந்தோமே, அதுதான். 2021 மே மாதத்தில் தமிழ்நாடு அரசு இதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. கொரோனா அடங்கியதும் இதுவும் போய்விட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். கொரோனாவுக்கு முன்னாலும் சுகர்காரர்களுக்கு வந்துகொண்டுதான் இருந்தது, இப்போதும் வருகிறது.

அண்ணத்தில் கறுப்பாகத் தெரிந்தால்தான் இந்த நோய் என்று காத்திருக்கக் கூடாது. அந்தக் கறுப்பு, பூஞ்சை ரத்தக் குழாய்க்குள் புகுந்து அடைத்து, சதை செத்த பிறகு வரும் நிறம். அதற்கு முன்னாலேயே பிடிக்க வேண்டும். கண்ணைச் சுற்றி வீக்கமோ, பார்வை இரட்டையாகத் தெரிவதோ இருந்தால் மணிக்கணக்கில் யோசிக்க வேண்டிய விஷயம், நாள் கணக்கு இல்லை. இது மூளை வரை போகக்கூடியது.

பரிசோதனையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, இதில் கோட்டை விடுகிற இடங்கள் உண்டு, அதனால் நோயாளி வீட்டாரும் தெரிந்து வைத்துக்கொள்ளலாம். எடுத்த சதையை முழுவதையும் ஃபார்மலின் பாட்டிலில் போட்டுவிட்டால் பூஞ்சை செத்துவிடும், கல்ச்சரில் எதுவும் வளராது. ஒரு பங்கு ஃபார்மலினில் பயாப்ஸிக்கு, இன்னொரு பங்கு வெறும் சலைனில் நுண்ணுயிரியல் லேபுக்கு என்று இரண்டு பாட்டிலாகப் போக வேண்டும். சலைனில் போனதை அதே பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போட்டு உடனே பார்த்தால் அகலமான, குறுக்குச் சுவர் அதிகம் இல்லாத, கிட்டத்தட்ட செங்கோணத்தில் கிளை பிரியும் இழைகள் தெரியும். அது தெரிந்துவிட்டால் கல்ச்சருக்காகக் காத்திருக்க மாட்டோம், கல்ச்சர் பல நேரம் வளராமலே போகும். ஸ்கேன் எடுத்து, ஆம்ஃபோடெரிசின் என்கிற பூஞ்சை மருந்தை ஆரம்பித்து, செத்த சதையை அறுவை சிகிச்சையில் எடுத்து, சுகரை இன்சுலினில் இறக்கி எல்லாமே ஒன்றாக நடக்க வேண்டும். காது மூக்கு தொண்டை, கண், பல், சுகர் டாக்டர்கள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடம்தான் சரி, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய ஆஸ்பத்திரி. தனித்தனி கிளினிக்காக ஏறி இறங்க நேரம் கிடையாது.

எடப்பாடி வாசகர்: ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் இழுக்கிறேன். அடிக்கடி உள்நாக்குப் பக்கம் வெள்ளை படிகிறது. இன்ஹேலரை நிறுத்திவிடலாமா?

கூடாது. ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால் ஒவ்வொரு தடவையும் இழுத்தவுடன் தண்ணீர் விட்டு வாயையும் தொண்டையையும் கொப்பளித்துத் துப்புங்கள். ஸ்பேசர் குடுவை வைத்து இழுத்தால் தொண்டையில் படிவது இன்னும் குறையும். அப்படியும் வந்தால் காட்டி மருந்து வாங்குங்கள். விழுங்கும்போது நெஞ்சுக்குள் வலித்தால் அதைத் தனியாகச் சொல்லுங்கள், பூஞ்சை உணவுக்குழாய் வரை இறங்கியிருக்கலாம்.

வாழப்பாடி வாசகி: அப்பாவுக்குக் கிட்னி மாற்றி மூன்று வருஷம் ஆகிறது. முதலில் வலது பக்கக் கீழ்ப் பல் எல்லாம் வலிக்கிறது என்றார், எக்ஸ்ரேயில் எதுவும் இல்லை. இரண்டு நாளில் வலது தாடையில் கொப்புளம், வாய்க்குள்ளும் அதே பக்கம் புண். ஊரில் எல்லோரும் அக்கி என்கிறார்கள், செங்காவி குழைத்து எழுதியும் ஆயிற்று. அக்கிக்கு இங்கிலீஷ் மருந்து கொடுத்தால் உள்ளே இறங்கிவிடும் என்று பெரியப்பா தடுக்கிறார்.

பெரியப்பாவை அடுத்த பக்கத்தில் வரும் வைத்தியக் குறிப்புகளைப் படிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

ஊர்க்காரர்கள் கண்டுபிடித்தது சரி. இது ஹெர்ப்பஸ் ஜாஸ்டர். சின்ன வயதில் அம்மை போட்டபோது உள்ளே தங்கின வைரஸ், எதிர்ப்புச் சக்தி இறங்கும்போது ஒரு நரம்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வருகிறது. முகத்தின் நரம்பில் வந்தால் கொப்புளம் வருவதற்கு முன்னாலேயே அந்தப் பக்கப் பற்கள் வலிக்கும். இந்தக் கட்டத்தில் நல்ல பல்லுக்கு வேர் சிகிச்சை செய்துவிட்டு வருகிறவர்களும் உண்டு, உங்கள் அப்பா தப்பித்தார். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய டெஸ்ட் பெரும்பாலும் தேவைப்படாது: புண் அண்ணத்திலோ நாக்கிலோ நடுக்கோடு வரை வந்து சரியாக நின்றுவிடும், மறுபக்கம் சுத்தமாக இருக்கும். வேறு எந்தத் தொற்றும் இப்படி எல்லை போட்டு நிற்பது அபூர்வம். ஆனால் மாற்றுக் கிட்னி வைத்தவருக்கு அந்த எல்லையைத் தாண்டியும் பரவலாம், அப்போது கொப்புளத்தின் அடியிலிருந்து எடுத்துப் பிசிஆர் செய்வோம். பழைய ட்சாங்க் ஸ்மியர் என்ற முறையில் பல கரு உள்ள பெரிய செல்கள் தெரியும், ஹெர்ப்பஸ் குடும்பத்து வைரஸ் என்று சொல்லுமே தவிர சாதாரண ஹெர்ப்பஸா ஜாஸ்டரா என்று பிரித்துச் சொல்லாது.

காவி எழுதுவதில் குளிர்ச்சி கிடைக்கலாம். என் பயம் வேறு: உடைந்த கொப்புளத்தில் மண் படுவது மாற்றுக் கிட்னிக்காரருக்கு ஆகாது. அசைக்ளோவிர் மருந்தைக் கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் பலன் அதிகம், இவருக்கு அந்த நேரம் கடந்திருந்தாலும் கொடுப்பார்கள். அளவைக் கிட்னி டாக்டர்தான் சொல்ல வேண்டும், கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினைன் டெஸ்ட்டைப் பார்த்து அளவு மாறும். கிட்னிக்கான எதிர்ப்புச் சக்தி குறைப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம், கிட்னியே போய்விடும். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் தெரிந்தால் கண் டாக்டரும் பார்க்க வேண்டும். வீட்டில் அம்மை போடாத குழந்தை, கர்ப்பிணி இருந்தால் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை தள்ளி இருக்கட்டும்.

சூரமங்கலம் வாசகர்: பாட்டிக்கு 74 வயது, சுகர் உண்டு, இதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். பல்செட் வைக்கும் இடம் முழுக்கச் சிவந்திருக்கிறது, உதட்டு ஓரம் இரண்டு பக்கமும் வெடித்திருக்கிறது. பல்செட் சரியில்லையா?

சிவப்பு, பல்செட்டின் ஓரத்தோடு அளவெடுத்த மாதிரி முடிகிறதா என்று பாருங்கள். அப்படியானால் அதன் அடியில் கேண்டிடா வளர்கிறது, கடைவாய் வெடிப்பும் அதோடு சேர்ந்ததுதான். இந்த இடத்தில் மாதிரி எடுக்கும்போது அண்ணத்தில் மட்டும் சுரண்டினால் போதாது, பல்செட்டின் உள்பக்கத்திலும் சுரண்ட வேண்டும், பூஞ்சையின் வீடே அங்கேதான் இருக்கிறது. மருந்து போட்டுவிட்டு அதே பல்செட்டைக் கழுவாமல் மாட்டினால் திரும்ப வரும். ராத்திரி கழற்றிப் பிரஷ் போட்டுக் கழுவி ஊறவைக்கச் சொல்லுங்கள், பாட்டி ‘பல்லில்லாமல் எப்படி இருப்பது’ என்று வெட்கப்படுவார், விடாதீர்கள்.

முக்கியமாக, ஃப்ளூகோனசோல் மாத்திரையையோ மைக்கோனசோல் ஜெல்லையோ கடையில் கேட்டு வாங்கிவிடாதீர்கள். இரண்டுமே வார்ஃபரினோடு சேர்ந்தால் ரத்தம் அளவுக்கு மீறி நீர்த்துவிடும். கிளிமிபிரைடு மாதிரியான சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஃப்ளூகோனசோல் சுகரை இறக்கியும் விடும். நிஸ்டாட்டின் போன்ற மருந்துக்கு அந்தத் தொல்லை இல்லை, டாக்டர் பார்த்துக்கொள்வார்.

ஊர் வேண்டாம் என்று எழுதிய 29 வயது வாசகர்: நாக்கின் இரண்டு ஓரத்திலும் வெள்ளையாகக் கோடு கோடாக இருக்கிறது, வலி இல்லை, துடைத்தால் போகவில்லை. காட்டப் போன இடத்தில் எச்ஐவி டெஸ்ட் எடுக்கச் சொன்னார்கள். என்னைப் பார்த்து என்ன நினைத்துவிட்டார்கள் என்று எழுந்து வந்துவிட்டேன்.

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் அந்த டாக்டர் உங்கள் நடத்தையைப் பார்த்துச் சொல்லவில்லை, நாக்கைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். நாக்கின் ஓரத்தில் மேலும் கீழுமாக மடிப்பு மடிப்பாக, துடைத்தால் போகாத வெள்ளை இருந்தால் ஹேரி லூக்கோபிளேக்கியா என்ற ஒன்றை நினைத்தாக வேண்டும். எப்ஸ்டீன் பார் வைரஸால் வருவது, எதிர்ப்புச் சக்தி இறங்கியிருக்கிறது என்பதற்கான அடையாளம். அதனால் பெரிய கெடுதல் இல்லை, பெரும்பாலும் தனி மருந்துகூடத் தேவையில்லை, ஏன் வந்தது என்பதுதான் கேள்வி. எச்ஐவி ஒரு காரணம், கிட்னி மாற்றியவர்களுக்கும் வரும். பல்லில் உரசி உரசித் தடித்ததாகவும் இருந்துவிடலாம். தெரிந்துகொள்ள ஒரே வழி டெஸ்ட்தான்.

1986-இல் சென்னையில் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்று கண்டறியப்பட்ட காலத்துப் பயத்தையே இன்னும் சுமந்துகொண்டிருக்கிறோம். இன்றைக்கு மருந்து இலவசம், தினம் மாத்திரை போட்டுக்கொண்டு வேலை, கல்யாணம், குழந்தை என்று எல்லாமும் நடக்கிறது. அரசு ஆஸ்பத்திரிகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் பணம் வாங்காமல் டெஸ்ட் எடுப்பார்கள், முன்னாலும் பின்னாலும் உட்கார வைத்துப் பேசுவார்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் டெஸ்ட் எடுப்பதும், முடிவை மற்றவர்களிடம் சொல்வதும் 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி தப்பு. அந்த ஊரிலேயே போகக் கூச்சமாக இருந்தால் வேறு ஊர் மையத்துக்குப் போகலாம். முதலில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 1097 என்ற இலவச எண்.

செவ்வாய்ப்பேட்டை வாசகர்: வெள்ளிப் பட்டறையில் வேலை. முடக்குவாதத்துக்குப் புதிதாக ஊசி ஒன்று போட ஆரம்பித்த பிறகு நாக்கு ஓரத்தில் ஒரு புண், ஒன்றரை மாசமாக ஆறவில்லை. ஹான்ஸ் போடும் பழக்கம் இருந்தது, விட்டுவிட்டேன். சதை எடுக்கணும் என்கிறார்கள். கத்தி பட்டால் பரவும் என்று பட்டறையில் எல்லோரும் சொல்கிறார்கள்.

கத்தி பட்டுப் பரவியதாக இதுவரை நான் பார்த்ததில்லை, பயந்து தள்ளிப்போட்டதால் பரவியதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கூரான பல் உரசினால் அதை மழுக்கிவிட்டு இரண்டு வாரம் பார்ப்போம், அதற்கும் ஆறாத எந்தப் புண்ணையும் சதை எடுத்துப் பார்க்க வேண்டும். ஹான்ஸ் போட்ட நாக்கு என்பதால் புற்றுநோயைத் தள்ளுபடி செய்தாக வேண்டும், அது முதல் காரணம். இரண்டாவது காரணம் அந்த ஊசி. முடக்குவாதத்துக்குப் போடும் சில ஊசிகள் உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும் காசநோயை எழுப்பிவிடும். காசநோய் நாக்கில் புண்ணாக வருவது அரிதுதான், வந்தால் பார்க்கப் புற்றுநோய் மாதிரியே இருக்கும், எத்தனை அனுபவமுள்ள டாக்டராலும் கண்ணால் பிரிக்க முடியாது. அதனால் எடுக்கும் சதையில் ஒரு பங்கைக் காசநோய்க்கான சிபிநாட் பரிசோதனைக்கும் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், கூடவே நெஞ்சு எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை. சதையைப் புண்ணின் நடுவில் எடுக்க மாட்டார்கள், அங்கே செத்த சதைதான் இருக்கும். ஓரத்தில், கொஞ்சம் நல்ல சதையும் சேர்த்து எடுத்தால்தான் நோயியல் டாக்டருக்குப் படிக்க வரும். மரத்துப்போக ஊசி போடுவார்கள், ஒன்றிரண்டு தையல், அவ்வளவுதான். ஊசியின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுக்கச் சொல்லி முடக்குவாத டாக்டரிடம் வாங்கிக்கொண்டு போங்கள்.

ஆத்தூர் வாசகி: வாய் வெந்திருக்கும்போது சாப்பிட என்ன கொடுப்பது? மணத்தக்காளி, வெங்காரம் தேன் எல்லாம் சரியா?

மணத்தக்காளிக் கீரையைக் காரமில்லாமல் கடைந்து தேங்காய்ப் பால் விட்டுக் கொடுங்கள், நன்றாக வேகவைத்தது என்றால் கீமோ நோயாளிக்கும் தடையில்லை. பச்சையாக மெல்லக் கொடுக்க வேண்டாம், கீரையில் ஒட்டியிருக்கும் மண்ணும் கிருமியும் அவர்களுக்கு ஆகாது. வெங்காரத்தைத் தடவாதீர்கள், விழுங்கினால் விஷம். படிகாரத்தையும் வெந்த புண்ணில் வைக்காதீர்கள், இன்னும் எரியும். ஒரு டம்ளர் கொதித்து ஆறிய தண்ணீரில் கொஞ்சம் உப்பும் சமையல் சோடாவும் போட்டு அடிக்கடி கொப்பளிப்பது போதும்.

சாப்பாட்டுக்கு நம் ஊரில் பஞ்சமா, ஜவ்வரிசியைக் குழைய வேகவைத்துப் பாலில் கஞ்சியாக ஆறவைத்துக் கொடுங்கள், வழுக்கிக்கொண்டு இறங்கும். சுகர் உள்ளவர்களுக்கு மட்டும் ஜவ்வரிசி ஆகாது, சட்டென்று ஏறிவிடும், அவர்களுக்குப் பாசிப்பருப்புக் கஞ்சி, வேகவைத்த முட்டை, ஆறிய ரசமில்லாத பருப்பு சாதம். சாயந்திரமானால் தட்டுவடை செட் கேட்டு அடம் பிடிப்பார்கள், அந்தக் காரச் சட்னியும் தட்டையின் கூர் ஓரமும் புண் ஆறும் வரை வேண்டாம்.